கண்டக்டர் வீட்டு இளைப்பாறுதல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் புருஷனுக்கு மலர்வளையம் வந்தது. அவர் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

நான்தான் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம், நாற்காலி இறக்கும் சத்தம், அதற்கும் மேலே ஒரு பெண்குரல் ஓவென்று. பக்கத்து வீட்டில் யாருக்கோ என்னவோ என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். எங்கள் சபையே வெளியே நின்றது. நாற்பது பேருக்குக் குறையாது. எல்லாருக்கும் முன்னால் ஸ்பீக்கர் அக்கா. சபையில் ஆறுதல் குழுவுக்குத் தலைவி அவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர் நான் வைத்தது, மனசுக்குள்.

"போயிட்டாரா தங்கச்சி! உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"யாரு போயிட்டா?"

"பாருங்க, இன்னும் மனசு ஏத்துக்கல," என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். "ஒரு நாற்காலி கொண்டாங்க. முதல்ல இவளை உட்கார வைங்க."

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஹோல்டான்! ஹோல்டான்!"

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் என் வீட்டுக்காரர். பக்கவாதம் வந்தபோது வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இரண்டே சொல். வண்டி போகலாம் என்பதற்கு ரைட், நிற்க வேண்டும் என்பதற்கு ஹோல்டான். பசித்தால் ரைட். வலித்தால், பயந்தால், கஞ்சி பாதியில் நின்றால் ஹோல்டான். இந்த எட்டு மாதமாக நாங்கள் குடும்பம் நடத்துவது இந்த இரண்டு வார்த்தையில்தான்.

ஸ்பீக்கர் அக்கா வீலென்று கத்திவிட்டு என் கழுத்தை விட்டார். மலர்வளையம் வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கூட்டத்தில் யாரோ ஒரு மகராசி, "உயிர்த்தெழுந்துட்டார்! ஸ்தோத்திரம்!" என்றாள்.

"எழுந்திருக்கலம்மா," என்றேன். "எழுந்திருக்க முடியல. அதுதான் எட்டு மாசமா என் பிரச்சினை."

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாரையும் முட்டாள்கள் என்று நினைத்துவிடுவீர்கள். முட்டாள்கள் இல்லை. அப்படி இருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம், மறுபடி இடது பக்கம். தவறினால் முதுகில், இடுப்பெலும்பில் புண் வந்துவிடும். ஆள் நல்ல கனம். நான் இருப்பது அவரில் பாதி. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை நான் வேலைக்குப் போகும் நேரத்தில் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வார். மணி இரண்டு என்றால் அவர் கால் தானாகச் செருப்புக்குள் நுழைந்துவிடும். மிச்சப் பதினாறு மணி நேரமும் என்னுடையது. அலாரம் வைத்து, எழுந்து, புரட்டி, படுத்து, கண் அசருவதற்குள் அடுத்த அலாரம். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. போன மாதம் ஒருநாள் அலாரம் அடித்தது தெரியாமல் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் இடுப்பில் தோல் உரிந்து சதை தெரிந்தது. இன்னொரு தடவை இப்படி விட்டால் புண் எலும்புவரைக்கும் போய்விடும், அப்புறம் ஆள் தாங்கமாட்டார் என்று புண்ணைப் பார்த்த நர்ஸம்மா சொல்லிவிட்டார்.

என் வேலை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில். ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவோம், அந்தப் பக்கம் அது தேய்த்து வரும். போன வியாழக்கிழமை நின்றபடியே தூங்கிவிட்டேன். விரிப்போடு என் சட்டைக் கையும் உள்ளே போனது. எதிரில் நின்றவள் இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும். சூப்பர்வைசர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை கண்ணு சொக்கிச்சுன்னா இந்தப் பக்கமே வராதேம்மா. உன் கை எனக்கு வேண்டாம்," என்றார்.

தூங்கினால் அவர் அழுகுவார், தூங்காவிட்டால் என் கை போகும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு முழுத் தூக்கம். அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஆறுதல் குழுவிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர்கள் நான்கு தடவை வந்தார்கள். ஐந்தாறு பேர், வரிசையாக உட்கார்ந்து, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, இருபது நிமிஷம். நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல் ஒருவருக்கு, பால் இல்லாமல் ஒருவருக்கு. போகும்போது ஸ்பீக்கர் அக்கா என் கையைப் பிடித்து, "உன் பொறுமை எங்க எல்லாருக்கும் ஒரு சாட்சி தங்கச்சி," என்பார். சாட்சி! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தியைச் சாட்சி என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளுக்கு உதவி செய்ய வேண்டியதில்லை. அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் ஆலயத்துக்குள் நுழைந்தேன். பின்பக்கம் விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. சுகம் வேண்டி, பரீட்சைக்காக, கல்யாணத்துக்காக என்று சீட்டு எழுதிப் போடுவார்கள். சாவுச் செய்தியும் அதே சீட்டில்தான் வரும். சபைக் குமாஸ்தா எடுத்து ஞாயிறு விடியற்காலை ஆராதனையில் வாசிப்பார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, "கண்டக்டர் வீடு" என்று எழுதினேன். அடுத்து "இளைப்பாறுதல் வேண்டும்" என்று எழுத நினைத்தேன். எங்களுக்குத் தெரிந்த வார்த்தை அதுதான். களைத்தவர்களுக்கு அதைத் தருவதாகத்தானே ஆண்டவரே சொல்லியிருக்கிறார். "இளைப்பாறுதல்" வரைக்கும் எழுதினேன். அந்த இடத்தில் பேனா நழுவி மடியில் விழுந்தது. கண் மூடியிருந்திருக்கிறது. திடுக்கிட்டு விழித்து, மணியைப் பார்த்து, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

கண்டக்டர் வீடு. இளைப்பாறுதல். இதைப் படித்தால் எங்கள் சபையில் யாருக்கும் ஒரே அர்த்தம்தான். செத்துப்போனார் என்று நாங்கள் சொல்வதில்லை. இளைப்பாறுதலுக்குள் போய்விட்டார் என்போம். கல்லறையிலும் அதைத்தான் வெட்டுவோம். உயிரோடிருக்கும் ஒருத்தி அதைத் தனக்காகக் கேட்பாள் என்று குமாஸ்தாவுக்குத் தோன்றவேயில்லை. அந்த மனுஷனைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அந்த வார்த்தையை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து பிணங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இத்தனையும் வாசலில் நின்று குமாஸ்தாவின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேண்ணே," என்றேன்.

"துக்க வீட்டுக்குப் போன் பண்ணி, ஆள் செத்தது உண்மையான்னு கேக்க முடியுமாம்மா?" என்றார் பாவம். முகம் வெளிறிப் போயிருந்தது.

போதகர் ஐயா முன்னால் வந்தார். "பெரிய தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கணும் சகோதரி. ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு நாங்க கிளம்புறோம்," என்றார். அவர் பின்னால் நாற்காலிகள் மறுபடி வண்டியில் ஏற ஆரம்பித்துவிட்டன. சாப்பாட்டு அடுக்குகளை இறக்கியவர்கள் திரும்ப ஏற்றினார்கள். கூட்டம் கரையத் தொடங்கியது. எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. ஆள் சாகவில்லை, வேலை மிச்சம்.

அப்போதுதான் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

"நில்லுங்க," என்றேன். ஸ்பீக்கர் அக்காவின் குரல் ஒன்றுமேயில்லை அன்றைக்கு. "அந்தச் சாப்பாட்டை எங்க ஏத்துறீங்க?"

நான் குமாஸ்தா பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, கையில என்ன பட்டியல்?"

குமாஸ்தா மடிக்கப் பார்த்தார். நான் பிடுங்கினேன். எங்கள் சபையில் சாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். யார் சமைப்பது, யார் கூட்டிப் பெருக்குவது, யார் துணி துவைப்பது என்று எழுதி வைத்துவிடுவார்கள். உடல் பக்கத்தில் இரவு பகலாக இரண்டிரண்டு பேர் முறைபோட்டு உட்காருவார்கள். வீட்டுக்காரியை உள்ளறையில் படுக்க வைத்துவிடுவார்கள். அதெல்லாம் என் கண் முன்னால் இருந்தது. உடல் அருகே: பத்து முதல் பன்னிரண்டு, பன்னிரண்டு முதல் இரண்டு, இரண்டு முதல் நான்கு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

"உசுரோட இருந்தா அஞ்சு பேரு, இருபது நிமிஷம். செத்தா நாப்பது பேரு, மூணு நாள். அப்படித்தானே ஐயா? இந்த மனுஷன் என்ன தப்புப் பண்ணாரு, சாகாம இருந்தது ஒண்ணுதானே?"

"தங்கச்சி, கோபப்படாதே. பிசாசு அப்படித்தான் மனசைக் கலைப்பான்," என்றார் ஸ்பீக்கர் அக்கா.

"பிசாசு இந்த வீட்டுப் பக்கமே வரலக்கா. அவனுக்கும் ஆளைப் புரட்டணும்னு பயம். களைச்சுப்போன ஜனத்தைப் பார்த்து ஆண்டவர் மனசு உருகினார்னு வாராவாரம் படிக்கிறோமே. உருகிட்டு என்ன செஞ்சார்? உங்க பசி எங்களுக்கு ஒரு சாட்சின்னு சொல்லியா அனுப்பினார்? உட்காரவச்சுச் சாப்பாடு போட்டார். நீங்க உருகினதுக்கு நான் டீ போட்டேன். நான் தூங்கி எட்டு மாசமாச்சு. நாளைக்குக் காலைல மெஷின்ல என் கை போகும், இல்ல உள்ள அவர் போவார். ரெண்டுல ஒண்ணு. அப்ப வருவீங்க, அழகா, பட்டியலோட. எதுக்கு அவ்வளவு காத்திருக்கணும்? இந்தப் பட்டியல்ல ஒரு எழுத்து மாத்த வேண்டாம். உடல் அருகேன்னு போட்டிருக்கு. உடல் உள்ள இருக்கு. மூச்சு விடுது, அவ்வளவுதான் வித்தியாசம். வாங்க, வந்து உட்காருங்க!"

போதகர் ஐயா தரையைப் பார்த்தார். சிலர் வண்டியருகே நழுவினார்கள். எனக்குக் கை நடுங்கியது. இவ்வளவு பேசியும் ஒருத்தரும் அசையவில்லை என்றால் அதற்கப்புறம் எனக்கு யாருமில்லை.

கூட்டத்தின் கடைசியிலிருந்து பெட்டிக்காரர் வந்தார். சவப்பெட்டி செய்கிறவர். அளவெடுக்க வந்திருந்தார், அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைத் தாண்டி நேராக உள்ளே போனார். நாடாவோடு அவர் நுழைந்ததைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று ஒரே கூப்பாடு. எத்தனையோ நாளைக்கப்புறம் எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

"அட, இது உங்களுக்கு இல்லண்ணே," என்று பெட்டிக்காரர் நாடாவை உருவிப் பைக்குள் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க பிடிக்கணும், சொல்லு தங்கச்சி. இத்தனை வருஷமாத் தூக்குறேன், ஆனா எல்லாம் வலிக்காத உடம்பு. உசுரோட இருக்கிறவரைத் தூக்கிப் பழக்கமில்ல."

இதுவரைக்கும் யாரும் என்னிடம் எப்படி என்று கேட்டதில்லை.

காட்டிக் கொடுத்தேன். கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அடியில் போட்ட விரிப்போடு சேர்த்துப் பிடிக்கணும். முழங்காலுக்கு நடுவில் தலையணை. இடுப்புப் புண் படுக்கையில் படக்கூடாது. பெட்டிக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் யார் என்று நிமிர்ந்து பார்த்தால் ஸ்பீக்கர் அக்கா நின்றுகொண்டிருந்தார், உதட்டை இறுக்கிக்கொண்டு. ரோஷம். என்மேல் அவருக்கு நல்ல கோபம், முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இருக்கட்டும், கோபத்தோடு பிடித்தாலும் விரிப்பு நகர்ந்தது.

"நீ போய்ப் படு," என்றார் என்னைப் பார்க்காமல்.

உள்ளறையில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவர்கள் தப்பாகப் பிடிப்பார்கள், மறந்துவிடுவார்கள், ஜெபத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அலாரத்தைத் தேடினேன், குமாஸ்தா அதை எடுத்துப் போயிருந்தார். திருட்டு மனுஷன் என்று நினைத்ததுதான் கடைசி.

விழித்தபோது ஜன்னலில் சாய்ந்த வெயில். மணி ஐந்தரை. ஆறு மணி நேரம்! அலறியடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

அவர் இடது பக்கமாகப் படுத்திருந்தார். முழங்காலுக்கு நடுவில் தலையணை. புண்ணின் கட்டு புதிது. ஸ்பீக்கர் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து "ரைட்" என்று மெதுவாக ஒரு சத்தம்.

"மூணு தடவை புரட்டியாச்சு," என்றார் ஸ்பீக்கர் அக்கா. குரல் இறங்கிப்போயிருந்தது, கிட்டே போனால்தான் கேட்டது. "அந்தப் புண்ணை நான்தான் துடைச்சேன். நாலு தடவை வந்திருக்கேன் தங்கச்சி. ஒரு தடவைகூடப் போர்வையை விலக்கிப் பார்க்கலையே."

"பார்க்கல," என்றேன்.

அவர் அழுதார், சத்தமே வராமல். பரவாயில்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஆறு மணி நேரம் தூங்கியிருந்தேன், அந்தப் பெருந்தன்மைக்கு இன்னும் நிறையத் தூங்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் தோளில் கை வைத்தேன். அது தானாக நடந்தது.

சாயந்தரம் போதகர் ஐயா குமாஸ்தாவோடு வந்தார். காலையில் வீட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேரிடம் பேசிவிட்டாராம். பட்டியல் அப்படியே நடக்கும், செவ்வாய்க்கிழமை சாயந்தரம்வரை ஆள் உண்டு என்றார். நல்ல சேதி சொன்ன முகம்.

"புதன்கிழமை?" என்றேன்.

"அது வந்து சகோதரி... நம்ம ஒழுங்கு மூணு நாள்தான். எந்த வீட்டுக்கும் அதுக்கு மேல போனதில்ல."

காலையில் வந்தது களைத்தவளின் கோபம், கையெல்லாம் நடுங்கியது. இது தூங்கி எழுந்தவளின் கோபம். நடுங்கவேயில்லை.

"மத்த வீட்டுல மூணாம் நாள் ஆளைக் கொண்டுபோய்ப் புதைச்சுடுவாங்க ஐயா, அதனால அங்க முடிஞ்சுது. நான் இவரை வச்சுக்கப் போறேன். எத்தனை நாளுன்னு ஆண்டவருக்கே தெரியும். நீங்க அவர்கிட்ட பேசுறவர்தானே, கேட்டு எழுதுங்க."

ஐயா என்னைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். அவர் பேச வாயெடுப்பார், ஒரு வசனம் வரும் என்று காத்திருந்தேன், வந்தால் என்ன சொல்வது என்றும் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. அவர் குமாஸ்தாவிடமிருந்து பேனாவை வாங்கினார்.

"புதன்கிழமை காலைல எத்தனை மணிக்குப் புரட்டணும்?"

"நாலு. அப்புறம் ஆறு."

"நாலு மணிக்கு நான் வர்றேன்," என்று எழுதினார்.

"எழுதினாப் போதாது," என்றேன். "இப்பவே மணி ஆறாகப் போகுது. சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வாங்க, காட்டுறேன்."

மடித்துக்கொண்டு வந்தார். பிரசங்கம் செய்கிற கை, மெத்தென்று இருந்தது. விரிப்பைப் பிடிக்கச் சொன்னால் தோளைப் பிடித்தார். என் வீட்டுக்காரருக்கு வலித்து முகம் கோணியது. ஐயா பயந்துபோய்ச் சட்டென்று இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"எடுக்காதீங்க ஐயா," என்றேன். "வலிச்சா எடுத்துடக்கூடாது. மெதுவா, மறுபடியும் பிடிங்க."